கதை ஏன் திடீரென்று முடிந்தது?



நெடுநாள் ஓடிய தொடர்கதை ஒன்றின் கடைசிப் பாகம் வந்து சேரும்போது, அதுவரை ஆசையோடு படித்து வந்தவர்களே ஏன் கோபித்துக் கொள்கிறார்கள் என்பதைப் பற்றி இன்று பேச எண்ணியிருக்கிறோம். தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கோபம் நாற்பத்தாறு ஆண்டுகள் இருந்தது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

1950-களின் தொடக்கத்தில் எங்கள் தாத்தாவும் பாட்டியும் கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக் கொண்டிருந்தார்கள். தாத்தாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். பாட்டிக்குத் தெரியாது. அந்நாளில் 'ரஜூலா' போன்ற கப்பல்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகப் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வரும். இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று சொல்வதற்கு அப்போது அதுதான் பெயர். தோட்டத்துக் கிராணி வீட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து 'கல்கி' வார இதழ் தபாலில் வந்து கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் எல்லோரும் படித்து முடித்த பிறகு, அந்த இதழ்கள் கட்டாக லயத்துக்கு வந்து சேரும். அவசரகாலம் அமலில் இருந்த ஆண்டுகள் அவை. பொழுது சாய்ந்த பிறகு கூட்டமாக உட்கார முடியாது. எனவே மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டதும் தாத்தா வாசிப்பார். பாட்டியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பார்கள்.

அவர் வாசித்தது 'பொன்னியின் செல்வன்'. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் எழுத, மணியம் அவர்கள் படம் வரைய, 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை வாரந்தோறும் வந்த தொடர்கதை. மூன்றரை ஆண்டு! அந்தக் காலத்துக்குள் லயத்தில் எத்தனையோ குழந்தைகள் பிறந்து நடக்கவும் பேசவும் தொடங்கிவிட்டன. வந்தியத்தேவனும் குந்தவையும் பூங்குழலியும் அண்டை வீட்டார் மாதிரியே ஆகிவிட்டார்கள். பாட்டியின் சொந்த ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம். கடல் பொங்கி வந்து நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை மூழ்கடிக்கும் இடத்தைத் தாத்தா வாசித்தபோது, பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

பிறகு கடைசி இதழும் வந்தது. 'மலர் உதிர்ந்தது!' என்பது அந்த அத்தியாயத்தின் பெயர். மணிமேகலை என்னும் பெண், தான் மனத்தில் வரித்த வந்தியத்தேவனின் மடியில் உயிர் விடுகிறாள். அதோடு கதை முடிந்தது. தாத்தா இதழை மடித்து வைத்தார். பாட்டி விடவில்லை. "மிச்சத்தையும் படிங்க. ஏன் ஒளிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டார். குந்தவைக்குக் கல்யாணம் ஆயிற்றா, அருள்மொழி எப்போது பட்டத்துக்கு வந்தார், பெரிய இளவரசரை யார்தான் கொன்றார்கள், ஒன்றுமே சொல்லாமல் ஒரு கதை முடியுமா? தாத்தா சத்தியம் செய்தும் பயனில்லை. சோகமான பக்கங்களை அவர் வேண்டுமென்றே மறைத்துவிட்டார் என்பதே பாட்டியின் முடிவு.

பாட்டி மட்டும் அப்படி எண்ணவில்லை. தமிழ்நாட்டிலும் அதே கோபம் எழுந்தது. கதையைத் திடீரென்று நிறுத்திவிட்டீர்கள் என்று குறைகூறிக் கல்கி அவர்களுக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றுக்குப் பதிலாகவே அவர் ஒரு முடிவுரை எழுதினார். புத்தகத்தில் அது ஐந்தாம் பாகத்தின் கடைசியில் இருக்கிறது. அந்த முடிவுரை தாத்தாவின் கைக்கு வரவே இல்லை. கிராணி ஐயா வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போக, இதழ்களும் அவரோடு போய்விட்டன.

இனி, இந்தக் கோபம் நியாயமா என்று பார்ப்போம்.

கதைக்கு ஐந்து பாகங்கள்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம். முதல் பாகத்தில் 57 அத்தியாயங்கள். இரண்டாவதில் 53. மூன்றிலும் நான்கிலும் 46, 46. ஐந்தாம் பாகத்திலோ 91! மொத்தம் 293-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடைசிப் பாகமே. அப்படியிருக்க, அவசரமாக முடித்தார் என்று எப்படிச் சொல்வது? வேறு எந்தப் பாகத்துக்கும் கொடுக்காத இடத்தை இதற்குக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் வாசகர்களுக்கு அது 'திடீரென்று' முடிந்ததாகவே பட்டது.

காரணத்தைக் கதையின் காலக் கணக்கில் தேட வேண்டும். ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மேல் வருகிறான் அல்லவா? அன்று தொடங்கும் கதை, ஓர் ஆண்டு முழுமையாக ஆவதற்குள் முடிந்துவிடுகிறது. படிப்பவர்களுக்கு மூன்றரை ஆண்டு. கதைமாந்தருக்குச் சில மாதங்கள்தாம். நாம் அவர்களோடு மூப்படைந்ததாக எண்ணிக் கொள்கிறோம். அவர்களோ அதே வயதில் நிற்கிறார்கள். வாரந்தோறும் ஒரு முடிச்சுப் போட்டு, "அடுத்த வாரம் வா" என்று அழைப்பதே தொடர்கதையின் வேலை. முடிச்சு ஒவ்வொன்றும் வாசகருக்கு ஆசிரியர் பட்ட கடன். பற்றுக் கணக்குப் போல, கடைசி நாளில் எல்லாக் கடனும் ஒன்றாக நின்று கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. கதையின் பெயரே பொன்னியின் செல்வன். அவர்தான் பிற்காலத்து இராஜராஜ சோழர், தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் கட்டி முடித்தவர். அவர் முடிசூடுவதைப் பார்க்கத்தான் வாசகர்கள் காத்திருந்தார்கள். ஆனால் கைக்கு வந்த மகுடத்தை அவர் இன்னொருவர் தலையில் வைக்கிறார். 'தியாகச் சிகரம்' என்று பாகத்துக்குப் பெயர் வைத்து ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், நாம்தான் கேட்கவில்லை. வரலாறும் அதைத்தான் சொல்கிறது. சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருந்த வரைக்கும் அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. உத்தம சோழர் ஆண்டு முடித்த பிறகு, 985-இல்தான் இராஜராஜர் அரியணை ஏறினார். அதுவரை கதையை நீட்ட வேண்டுமானால் இன்னும் எத்தனை பாகம் எழுதியிருக்க வேண்டும்!

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கும் இதே நிலைமைதான். காட்டுமன்னார்கோயிலுக்கு அடுத்த உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற துரோகிகளின் குடும்பத்தார் நிலத்தைப் பறிமுதல் செய்த செய்தி அதில் உண்டு. அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார் என்பதைக் கல் சொல்லவில்லை. கல் சொல்லாததைக் கல்கியும் அடித்துச் சொல்லவில்லை. இதில் அவர் செய்தது சரியே என்பது எங்கள் எண்ணம்.

முடிவுரையில் அவர் சொல்லும் முக்கியமான செய்தியும் இதை ஒட்டியதுதான். சமூகக் கதையைக் கல்யாணத்தோடு முடித்து மங்களம் பாடிவிடலாம். சரித்திரத்தில் வாழ்ந்தவர்களின் கதையை அப்படி மூட முடியாது, அவர்கள் வாழ்க்கை அதற்குப் பின்னும் நடக்கிறது என்கிறார். அதோடு நிற்காமல், வாசகர்கள் கேட்ட பாத்திரங்களுக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்பதையும் எடுத்துச் சொல்கிறார். இந்தச் சரித்திரத்தை மேலே எழுத மற்ற எழுத்தாளர்கள் வருவார்கள் என்றும் நம்பிக்கை தெரிவிக்கிறார். அப்படியே வந்தார்கள். விக்கிரமன் அவர்களின் 'நந்திபுரத்து நாயகி' இந்தக் கதையின் தொடர்ச்சிதான். குந்தவையின் கல்யாணத்துக்கு நாவலைக்கூட நம்ப வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றே குறிக்கிறது. பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் ஆயிரம் ஆண்டாகக் கல்லில் இருந்திருக்கிறது.

ஆனால் வாசகர் கோபமெல்லாம் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஐந்தாம் பாகத்தில் பல இரகசியங்கள், யாரோ ஒருவர் உட்கார்ந்து விவரமாகச் சொல்ல, மற்றவர் கேட்பதாகவே வெளிப்படுகின்றன. முதல் பாகத்தில் குதிரை ஓடிய வேகம் அங்கே இல்லை. யார் யாருடைய பிள்ளை என்ற குழப்பம் நமக்கே சில இடங்களில் சலிப்புத் தட்டுகிறது. அதைச் சொல்ல வாசகருக்கு உரிமை உண்டு.

இங்கிலாந்தில் 1893-இல் நடந்ததைப் பாருங்கள். கானன் டாயில் என்பவர் தம் துப்பறியும் வீரர் செர்லாக் ஹோம்சை ஓர் அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள், இதழே வேண்டாம் என்று நிறுத்தியவர்களும் உண்டு. பத்து ஆண்டு கழித்து, 1903-இல் ஹோம்சை அவர் உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கல்கி அவர்களுக்கு அப்படி மனம் மாறவும் காலம் கிடைக்கவில்லை. கதை முடிந்து ஏழு மாதம் ஆகுமுன், 1954 டிசம்பர் 5-இல், அவர் காலமானார். அப்போது எழுதிக் கொண்டிருந்த 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்திதான் முடித்தார்.

இப்போது நம் பிள்ளைகளிடம் வருவோம். மணிரத்னம் எடுத்த திரைப்படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-இலும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-இலும் வந்தன. அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் நூலக நேரத்தில் மாணவர்களுக்கு நாவலை வாரம் ஒரு துண்டாகச் சொல்லிக் கொண்டிருந்தோம். முதல் பாகம் பார்த்தபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் பாகம் வந்த வாரம் வகுப்பே இரண்டுபட்டது. "டீச்சர், மணிமேகலை எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். படத்தில் அவளே இல்லை. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற இரகசியமும் இல்லை. கதையை மாற்றிவிட்டார்கள் என்று பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். நாவல் கேட்காத பாதிப் பேர், படம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

நாங்கள் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. பிடிக்காத இடத்தைக் குறித்துக் காரணத்தோடு இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று பணித்தோம். 'கதையைக் கெடுத்துவிட்டீர்கள்' என்று ஒரே வரி எழுதியவர்களுக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்து, எந்தக் காட்சி, என்ன கெட்டது என்று கேட்டோம். 293 அத்தியாயங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் காட்ட வேண்டுமானால் நீ எதை விடுவாய் என்றும் கேட்டோம். ஒரு பையன் நெடுநேரம் யோசித்து, ஆழ்வார்க்கடியானின் வாய்ச் சண்டைகளை விட்டுவிடலாம் என்று எழுதினான். அவனை அடிக்க நான்கு பேர் எழுந்தார்கள்.

பெற்றோர்களே, பிள்ளை கதைப் புத்தகத்தோடு கோபித்துக் கொண்டால் கவலைப்படாதீர்கள். எந்த இடத்தில் என்று மட்டும் கேளுங்கள். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் இந்த நாவலை வெளியிட்டிருக்கின்றன. வாங்கும்போது ஐந்தாம் பாகத்தில் முடிவுரை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

2000-ஆம் ஆண்டில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தபோது, கிள்ளானில் ஒரு கடையில் ஐந்து பாகங்களையும் வாங்கிக் கொண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போனோம். தாத்தா அதற்கு முன்பே தவறிவிட்டார். பாட்டிக்கு எழுபதைத் தொட்ட வயது. முடிவுரையை மட்டும் முதலில் வாசித்துக் காட்டினோம். தம்மைப் போலவே பலர் கேட்டிருக்கிறார்கள் என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ அந்த மனுசன் ஒளிக்கல" என்றார்.

மறுநாள் முதல் பாகத்திலிருந்து தொடங்கச் சொன்னார். விடுமுறை முடிவதற்குள் 'சுழற்காற்று' பாதிதான் ஆயிற்று. மிச்சத்தை அடுத்த விடுமுறையில் வாசித்தோம்.