சூளை பார்ப்பவருக்குப் பகலில் தூக்கம் வேண்டாமா?

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயில் நினைவுக்கு வரும், அடுத்தபடியாகப் பீங்கான். பொம்மை, அகல் விளக்கு, மின்சார பியூஸ் கட்டை எல்லாம் அங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் உருவாகின்றன. மண்ணை அரைத்து அச்சில் இடுவது பகல் வேலை. சுடுவது அப்படியல்ல. சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்ட வேண்டும். அவசரமாக ஏற்றினால் பண்டம் வெடிக்கும். அவசரமாக ஆற்றினால் கீறல் விடும். மாலை மணி அடித்ததும் தீயை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக இயலுமா? யாராவது ஒருவர் கண் விழித்தே தீரவேண்டும்.

ஊர் விழிக்கும் வேளையில் அவர் வீடு திரும்புகிறார். படுத்தால் தெருவில் ஒலிபெருக்கி, வாசலில் காய்கறிக்காரர், "ரேஷன் கடைக்குப் போய் வாங்களேன்" என்று வீட்டிலிருந்தே ஒரு குரல். பத்து மணிக்கு வரும் உறவினரோ, "பகலில் என்னப்பா தூக்கம்?" என்று கேலி வேறு! நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்து வருபவருக்கும், ரயில்வே ஜங்ஷன் ஊழியருக்கும் இதே பாடுதான்.

சந்தடி மட்டுமே பகை அல்ல. உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. 1938-ல் சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த கிளைட்மன் என்ற ஆராய்ச்சியாளர், தம் மாணவர் ஒருவருடன் அமெரிக்காவின் மாமத் குகைக்குள் 32 நாள் தங்கினார். வெயில் எட்டாத அந்த இடத்தில், ஒரு நாளை 28 மணி நேரமாக நீட்டி வாழ்ந்து பார்த்தார்கள். இளைஞர் பழகிக்கொண்டார். நாற்பதைக் கடந்த கிளைட்மனின் உடம்போ மசியவில்லை. பழைய 24 மணிக் கணக்கிலேயே நின்றது. இந்தக் கடிகாரம் உயிரணுவுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டு சொன்ன மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே பகல் தூக்கம் நீளம் குறைந்து, அடிக்கடி கலைகிறது. பாக்கி நாளுக்கு நாள் ஏறுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு, உடற்சூடு தணிந்து கண் சொருகும்போது, சூளை முகப்பில் நிற்பவர் அதற்கு வட்டி கட்டுகிறார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவரின் நிதானம்தான் என்று 1997-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விதித்த வரம்பு 30! ஊதிப் பார்க்கும் கருவி தூக்கத்தைக் கண்டுபிடிக்காது என்பதுதான் வேடிக்கை.

பரிகாரத்துக்குச் செலவு அதிகமில்லை. வேலை முடிந்து வரும் வழியில் காப்பி வேண்டாம். அதன் வீரியம் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, கைப்பேசிக்கு வேறு அறை. அதற்கு மேல் வேண்டியது வீட்டார் தயவு. ரேஷன் கடை மாலையிலும் திறந்துதானே இருக்கிறது?