ஒரே கைது, இரண்டு வழக்கு

2017 ஆகஸ்டில், நியூயார்க் தெருவில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியதற்காக ராப் பாடகர் மீக் மில் கைதானார். அதே ஆண்டு மார்ச்சில் செயின்ட் லூயிஸ் விமான நிலையத்தில் நடந்த கைகலப்புக்காகவும் அவர் மீது வழக்குப் பதிவாகியிருந்தது. இரண்டிலும் தண்டனைத் தீர்ப்பு வரவில்லை. ஆனாலும் நவம்பரில் பிலடெல்பியா நீதிபதி அவருக்கு 2 முதல் 4 ஆண்டு சிறை விதித்தார். சிறை வேண்டாம் என்று அரசு வழக்கறிஞரும் நன்னடத்தை அலுவலருமே பரிந்துரைத்திருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து மாநில உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2019-ல், அவர் கண்காணிப்பில் இருக்கக் காரணமான பழைய வழக்கின் தண்டனையே ரத்தானது.

குற்றம் நிரூபணமாகாமல் சிறை எப்படி வந்தது? அந்தப் பழைய துப்பாக்கி, போதைப்பொருள் வழக்கில் அவர் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். போதைப்பொருள் சோதனையில் தவறியது, அனுமதியில்லாமல் வெளியூர் போனது ஆகியவையும் கணக்கில் வந்தன.

அமெரிக்காவில் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவரும் பரோலில் இருப்பவரும் நிபந்தனையின்பேரில் வெளியே நடமாடுபவர்கள். அங்கே பரோல் என்பது நம் ஊர்போல நாலு நாள் விடுப்பு அல்ல. மீதித் தண்டனையைக் கண்காணிப்பில் வெளியே கழிப்பது. ஆகவே புதிதாகக் கைதானால் இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று, புதுக் குற்ற வழக்கு. மற்றொன்று, நிபந்தனையை மீறினாரா என்ற விசாரணை.

இரண்டுக்கும் தராசு வேறு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். மீறல் விசாரணையில், 'நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று நீதிபதிக்குத் தோன்றினால் பெரும்பாலும் போதும். ஜூரியும் கிடையாது. அதனால், குற்ற வழக்கில் தோற்கும் அதே சாட்சியம் மீறல் விசாரணையில் ஜெயிக்கலாம். சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த சாட்சியத்தைக்கூடப் பரோல் விசாரணையில் ஏற்கலாம் என்று 1998-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புது வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் கண்காணிப்பு அதிகாரி போடும் தடுப்பு உத்தரவு பல மாநிலங்களில் ஆளை உள்ளேயே வைத்துவிடும். விசாரணை வருவதற்குள் வேலை போகும். வாடகை பாக்கி விழும்.

பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. மீறலை முன்னதாக அறிவிக்க வேண்டும், சாட்சி சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், நடுநிலையானவர் விசாரிக்க வேண்டும் என்று 1972-ல் உச்ச நீதிமன்றத்தின் மோரிஸி வழக்குத் தீர்ப்பு பரோலுக்கு உறுதி செய்தது. அடுத்த ஆண்டு வந்த ஸ்கார்பெல்லி வழக்கு அதை நன்னடத்தைக் கண்காணிப்புக்கும் விரித்தது.

ஆனாலும் 2019-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, மாநிலச் சிறைகளுக்குள் நுழைந்தோரில் 45 விழுக்காட்டினர் நன்னடத்தை அல்லது பரோல் நிபந்தனையை மீறியதற்காக வந்தவர்கள். சிறையைக் குறைக்க வந்த ஏற்பாடு, சிறைக்கு ஆள் அனுப்பும் பெரிய வாசலாகவும் ஆகிவிட்டது.