கைந்நரம்பின் விரைவை அளத்தல்

கை மரத்தல் என்னும் குறி ஒன்றாயினும் அதற்குரிய காரணங்கள் பலவாகும். கழுத்தெலும்புகளிடையே நரம்பின் வேர் நெருக்குண்டாலும் கை மரக்கும்; முழங்கையின் பின்னே நரம்பு நசிந்தாலும் மரக்கும்; மணிக்கட்டில் நசிந்தாலும் மரக்கும்; நீரிழிவினால் நரம்புகள் பலவும் நலிந்தவிடத்தும் மரக்கும். இவற்றுள் மணிக்கட்டில் நேரும் நசிவுக்குச் சத்திரசிகிச்சை நற்பயன் தருவதொன்று. காரணம் வேறாயின், மணிக்கட்டை வெட்டுவதால் நோயாளி பெறுவது தழும்பு ஒன்றே. ஆதலின் நரம்பு எவ்விடத்திற் பழுதுற்றதென்பதைக் கத்தியை எடுக்குமுன் அறிதல் வேண்டும். அதனை அறிதற்குரிய வழிகளுள் தலையாயது நரம்புக் கடத்தற் சோதனை. அச்சோதனை எவ்வாறு பிழைபடுகின்றது, அப்பிழைகள் எவ்வாறு களையப்பட்டன என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

மணிக்கட்டிலே சிறிய எலும்புகள் வளைவாக அடுக்கப்பெற்று ஒரு வாய்க்காலைப்போல அமைந்துள்ளன. அதன்மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று குறுக்கே கிடந்து மூடுகின்றது. இவ்வாறமைந்த குகையினூடே விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஒன்பதும் நடுநரம்பும் செல்கின்றன. தசைநாண்களைச் சூழ்ந்த உறை தடித்தால் எலும்பும் விலகாது, பட்டையும் நெகிழாது. மெல்லிய நரம்பே நசுங்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒரு பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி தருவது அந்நரம்பேயாதலின் அவ்விடங்கள் மரத்துப்போகின்றன. நள்ளிரவில் துயில் கலைந்து கையை உதறுதல் இந்நோயாளரிடம் பெரிதும் காணப்படும் வழக்கம். மோதிரவிரலின் மறுபாதிக்கும் சின்னவிரலுக்கும் உரிய அரந்தி நரம்போ இக்குகையினூடே செல்வதில்லை. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் அது பெரிதும் பயன்படும்.

நரம்பிற் செல்லும் கணத்தாக்கத்தின் விரைவு அளத்தற்கரியது என்று யேர்மனிய அறிஞர் யொகான்னஸ் முல்லர் கருதியிருந்தார். அவருடைய மாணாக்கராகிய ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1850ஆம் ஆண்டிலே தவளையின் நரம்பில் அதனை அளந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் எனக் கண்டார். ஒலியின் விரைவிற் பத்திலொரு பங்குகூட இல்லாத விரைவு இது. ஆசிரியர் இயலாதென்றதை மாணாக்கர் இயற்றிக் காட்டுதல் கல்வியுலகில் மகிழ்தற்குரிய நிகழ்ச்சியே. மனிதனின் கைந்நரம்புகளில் இவ்விரைவு பொதுவாகச் செக்கனுக்கு 50 மீற்றருக்கு மேற்பட்டது.

எனினும் இவ்வளவை வைத்தியருக்குப் பயன்படுவதற்கு ஒரு நூற்றாண்டு கழிந்தது. மணிக்கட்டில் நரம்பு நசிந்தோரிடம் பெருவிரலடித் தசைக்குச் செய்தி சென்றடையும் நேரம் நீளுகின்றதென்பதைச் சிம்சன் என்பார் 1956இல் எடுத்துக்காட்டினார். தசை எழுப்பும் மின்னலை மில்லிவோல்ற்றுக் கணக்கானது. உணர்ச்சி நரம்பின் அலையோ அதில் ஆயிரத்திலொரு பங்கான மைக்கிரோவோல்ற்றுக் கணக்கானது. கருவியின் இரைச்சலில் எளிதில் மறைந்துபோவது. நோயோ பெரும்பாலும் உணர்ச்சி இழைகளிலேயே முதலிற் புலப்படுகின்றது. இவ்விடர்ப்பாட்டுக்கு வழி கண்டவர் டோசன். ஒரே தூண்டலைப் பன்முறை கொடுத்து விளைவுகளைக் கூட்டும் முறையை அவர் 1951இல் வெளியிட்டார். உண்மையான அலை ஒவ்வொரு முறையும் ஒரே கணத்தில் எழுவதாற் கூடிக்கொண்டே போகும். இரைச்சல் ஒழுங்கற்றதாதலின் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பதினாறு முறை கூட்டிச் சராசரி கண்டால் இரைச்சல் நாலிலொன்றாகக் குறையும். 1958இல் கிலியற், சியர்ஸ் என்னும் இருவர் விரலைத் தூண்டி, மணிக்கட்டில் உணர்ச்சியலையைப் பதிந்து, நோயாளரைச் சோதிக்கும் முறையை நிலைநாட்டினர்.

கருவி செம்மையுற்றமையாற் சோதனையும் செம்மையுற்றுவிட்டதெனக் கொள்ளல் தகாது. பிழையின் பெரும்பகுதி கருவிக்குப் புறத்தேயுள்ளது. முதலாவது குளிர். கை ஒரு பாகை குளிர்ந்தால் நரம்பின் விரைவு செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் குறையும்; செய்தி சென்றடையும் நேரம் ஏறத்தாழ 0.2 மில்லிசெக்கன் நீளும். குளிரூட்டிய அறையிலே காத்திருந்து 28 பாகைக்குக் குளிர்ந்த கை, 32 பாகையிலுள்ள கையினும் 0.8 மில்லிசெக்கன் பிந்தும். நோயினால் விளையும் தாமதமும் பலரில் இவ்வளவினதே. ஆகவே தோலின் வெப்பநிலையை அளந்து, 32 பாகைக்குக் குறையின் கையை வெந்நீரிலிட்டு வெப்பமாக்கிய பின்னரே சோதித்தல் வேண்டும். வெப்பமானியும் வெந்நீரும் விலையுயர்ந்தன அல்ல. ஆயினும் அவற்றை மறந்தமையால் நோயற்றவர் நோயாளராகிவிடலாம்.

இரண்டாவது தூரம். விரைவென்பது தூரத்தை நேரத்தாற் பிரித்துப் பெறுவது. நேரத்தைக் கருவி நுட்பமாக அளக்கின்றது. தூரத்தையோ மனிதர் தோலின்மீது நாடாவை வைத்து அளக்கின்றனர். பத்துச் சென்ரிமீற்றரில் ஒன்று தவறினால் 50 மீற்றராகிய விரைவு 45 ஆகிவிடும். முழங்கையில் இவ்விடர் மிகுதி. கையை நீட்டியிருக்கும்போது அரந்தி நரம்பு அங்கே தளர்ந்து கிடப்பதால், தோலின்மீது அளக்கும் தூரம் நரம்பின் உண்மை நீளத்தினுங் குறைவாகும். நலமான நரம்பும் மெதுவானதாகத் தோன்றும். ஆதலாலேயே முழங்கையை 70 முதல் 90 பாகை வரை மடக்கிவைத்து அளக்குமாறு அமெரிக்க வல்லுநர் 1999இல் விதித்தனர்.

மூன்றாவது பிழை இவற்றினும் நுண்ணியது. மணிக்கட்டில் நசிவது நரம்பின் மிகக் குறுகிய பகுதி. இயல்பாகச் செக்கனுக்கு 60 மீற்றர் விரைவுடைய ஒருவரின் நரம்பில் இரண்டு சென்ரிமீற்றர் மட்டும் நசிந்து 20 மீற்றர் விரைவுடையதாயிற்றெனக் கொள்வோம். மோதிரவிரலிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள 14 சென்ரிமீற்றரை ஒருங்கே அளந்தால் நேரம் 2.3 மில்லிசெக்கனிலிருந்து 3.0 ஆக நீளும். விரைவு 47 எனத் தோன்றும். பிறவியிலேயே சற்று மெதுவான நரம்புடையோரிடமும் வயது முதிர்ந்தோரிடமும் இத்தகைய அளவைக் காணலாம். மூன்றிலொன்றாகிவிட்ட விரைவை நலமான பன்னிரண்டு சென்ரிமீற்றர் மறைத்துவிட்டது.

இதற்கு இருவகைப் பரிகாரங்கள் காணப்பட்டன. தூரத்தைச் சுருக்குதல் ஒன்று. யப்பானியராகிய ஜுன் கிமுரா, மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை ஒவ்வொரு சென்ரிமீற்றராகத் தூண்டல் இடத்தை நகர்த்தி அளந்து, அவ்வாய்வை 1979இல் வெளியிட்டார். நலமான நரம்பில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிசெக்கனே செல்லும். நசிந்த இடத்தை அடைந்ததும் நேரம் திடீரெனத் தாவுவதால் பழுதுற்ற இடம் தானே புலப்படும்.

மற்றையது ஒப்பீடு. நடுநரம்பையும் அரந்தி நரம்பையும் மோதிரவிரலில் ஒரே தூரத்துக்கு அளந்து, இரண்டன் நேரத்தையும் கழித்துப் பார்ப்பதே அது. மேலே கூறியவரின் அரந்தி நரம்பு 2.3 மில்லிசெக்கன் காட்டும், நடுநரம்பு 3.0 காட்டும், வேறுபாடு 0.7. நலமானோரில் அது 0.4க்கு மேற்படுவது அரிது. ஊரிலுள்ளோர் எல்லோருடைய சராசரியோடும் ஒருவரை ஒப்பிடுவதினும் அவருடைய ஒரு நரம்பை அதன் அயல் நரம்போடு ஒப்பிடுதல் எத்துணைச் சிறந்தது! குளிரும் முதுமையும் இரண்டையும் ஒருங்கே தாக்குவதால் கழித்தலிற் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. பெருவிரலில் ஆரை நரம்போடும், உள்ளங்கையில் மீண்டும் அரந்தி நரம்போடும் இவ்வாறே ஒப்பிடலாம்.

ஆனால் ஒப்பீடுகள் பெருகும்போது புதியதோர் ஆபத்தும் பிறக்கின்றது. ஒவ்வொரு சோதனையும் நலமானோரில் நூற்றுக்கு ஐவரைத் தவறாகக் காட்டுமெனின், ஒன்றையொன்று சாராத மூன்று சோதனைகளைச் செய்து, எதிலேனும் பிழை கண்டால் நோயென்று முடிவுசெய்பவர் நூற்றுக்குப் பதினால்வரைத் தவறாக நோயாளராக்குவார். றொபின்சனும் அவருடன் பணிபுரிந்தோரும் 1998இல் இதற்கொரு தீர்வு கூறினர்: மூன்று வேறுபாடுகளையும் தனித்தனியே நோக்காது கூட்டி நோக்குக, கூட்டுத்தொகை 0.9 மில்லிசெக்கனுக்கு மேற்படின் நோயெனக் கொள்க. மோதிரவிரலில் 0.3, பெருவிரலில் 0.4, உள்ளங்கையில் 0.3 காணப்படின் தனித்தனியே எதுவும் எல்லையை மீறவில்லை, கூட்டினால் 1.0 ஆகி எல்லையைக் கடக்கின்றது. ஒன்றில் நேர்ந்த சிறுபிழை முடிவை மாற்றுவதும் அரிதாகின்றது. எளிய கூட்டற் கணக்கொன்று புதிய கருவிக்கு ஒப்பான பயனைத் தந்தமை வியத்தற்குரியது.

ஒப்பீட்டு முறை எல்லார்க்கும் பொருந்துவதன்று. நீரிழிவினால் இரு நரம்புகளும் நலிந்திருப்பின் அளவுகோலாகக் கொண்ட நரம்பே பழுதுற்றதாகும். நோய் முற்றி உணர்ச்சியலை முற்றாக மறைந்தவிடத்துக் கழித்தற்கு எண்ணே இராது. அங்கு உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் இரண்டு, ஒன்று நடுநரம்பினாலும் மற்றது அரந்தி நரம்பினாலும் இயங்குவன, ஒப்பிடப்படுகின்றன. பெருவிரலடித் தசை தேய்ந்த பின்னரும் முன்னையது பலரில் எஞ்சியிருக்கும்.

சுவீடனின் தென்பகுதியில் நடைபெற்று 1999இல் வெளிவந்த ஆய்வொன்றில், கையில் எவ்வித வருத்தமும் இல்லாதோருள்ளும் நூற்றுக்குப் பதினெண்மரிடம் நடுநரம்பின் தாமதம் காணப்பட்டது. எனவே, எண்ணை மட்டும் கண்டு கத்தியை எடுப்பதும் தவறே. சத்திரசிகிச்சையின் பின்னரும் இதனை நினைத்தல் வேண்டும். நோயாளி துயரின்றி உறங்கும் நிலையை அடைந்த பின்னும் நரம்பின் தாமதம் முற்றாக நீங்காதிருத்தல் உண்டு. முன்னைய அளவைகளும், அவை எவ்வெப்பநிலையில் எத்தூரத்துக்கு எடுக்கப்பட்டன என்பதும் குறித்துவைக்கப்பட்டிருந்தால் மட்டுமே, புதிய அளவை முன்னேற்றத்தைக் காட்டுகின்றதா அன்றி நோய் மீண்டதைக் காட்டுகின்றதா என்று வைத்தியர் துணிய இயலும்.