சவ்வின் அடியில் ஒரு வலை

மனிதக் குருதியில் ஓடும் செவ்வணு ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டர். அது கடந்து செல்லும் தந்துகிகளுள் சில அதன் பாதி அகலமும் அற்றவை. மண்ணீரலிலோ, ஒரு மைக்ரோமீட்டர் அளவேயான இடுக்குகளின் வழியே அது தன்னைக் குறுக்கிக்கொண்டு நுழைய வேண்டும். வெளியே வந்தவுடன் பழைய தட்டு வடிவத்தை மீண்டும் பெற்றுவிடுகிறது. இந்த அலைச்சலை அது சுமார் 120 நாள்கள் தாங்குகிறது. உட்கரு இல்லாத, புதிய புரதம் ஆக்கிக்கொள்ளவும் வழியற்ற ஓர் உயிரணுவுக்கு இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது?

அதனைப் போர்த்தியுள்ள சவ்விலிருந்து என்று கூறத் தோன்றும். அது சரியன்று. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டடுக்காக நின்று அமைத்த, சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள படலமே சவ்வு. அம்மூலக்கூறுகள் ஓரிடத்தில் நில்லாமல் நழுவிக்கொண்டே இருப்பவை. படலத்தின் பரப்பு நூற்றுக்குச் சில பங்கு விரிந்தாலே அது கிழிந்துவிடும். உறுதி அதற்கு அடியில் இருக்கிறது.

செவ்வணுக்களை உப்புச் செறிவு குறைந்த நீரில் இட்டால் அவை ஊதிப் பெருத்து, உள்ளிருக்கும் ஹீமோகுளோபினை இழந்து, வெளிறிய வெற்றுக் கூடுகளாக எஞ்சும். ஆய்வுக்கூட வழக்கில் இவற்றுக்கு 'ஆவி' என்றே பெயர். 1968ஆம் ஆண்டு வின்சென்ட் மார்க்கேசி இக்கூடுகளிலிருந்து நீண்ட புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். ஆவியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே அதற்கு 'ஸ்பெக்ட்ரின்' என்னும் பெயர் அமைந்தது. சோப்புப் போன்ற கரைப்பானால் சவ்வின் கொழுப்பை முழுதும் நீக்கிய பின்னரும், இப்புரதத்தாலான வலை அணுவின் உருவத்தை ஓரளவு காத்து நிற்பதைப் பின்னர் கண்டனர்.

இவ்வலையின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. ஆல்பா, பீட்டா என்னும் இரு ஸ்பெக்ட்ரின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து ஓர் இணையாகின்றன. இரண்டு இணைகள் தலையோடு தலை பொருந்தி, முழுதும் நீட்டினால் சுமார் 200 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு கயிறாகின்றன. இயல்பு நிலையில் அது சுருங்கியே கிடக்கிறது; அணு நீளும்போது நீளவும் மீளவும் இயல்வது அதனாலேயே. கயிற்றின் இரு முனைகளும் ஆக்டின் என்னும் புரதத்தாலான குட்டைக் கழிகளில் முடிச்சிடப்படுகின்றன. ஒரு கழியில் பெரும்பாலும் ஆறு கயிறுகள் கூடுவதால் வலைக்கு அறுகோண வடிவம் கிடைக்கிறது. முடிச்சை இறுக்குவது 4.1 என்னும் புரதம். (புரதங்களைப் பிரிக்கும் சோதனையில் தோன்றிய பட்டைகளின் வரிசை எண்களே இங்குப் பெயர்களாக நிலைத்துவிட்டன. பெயரிடுவதில் அறிவியலார் சில வேளைகளில் சோம்பேறிகள்.)

வலையைப் பின்னினால் மட்டும் போதாது, அதனைச் சவ்வோடு பிணைக்கவும் வேண்டும். சவ்வை ஊடுருவி நிற்கும் புரதங்களுள் 'மூன்றாம் பட்டை' என்பது முதன்மையானது. ஓர் அணுவில் ஏறத்தாழ பத்து இலட்சம் உள்ள இதனையும் ஸ்பெக்ட்ரினையும் பிணைக்கும் புரதத்தை 1979இல் வான் பென்னட் அடையாளம் காட்டினார். நங்கூரத்துக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'அங்கிரின்' என்று பெயர். நம்முடைய நங்கூரமோ பாரசீக 'லங்கர்' வழி வந்தது.

இப்பிணைப்புகளின் அருமை அவை தவறும்போதே விளங்குகிறது. அங்கிரினில் மரபுக் குறை நேர்ந்தால் சவ்வுக்குக் கீழே பிடிமானம் தளர்கிறது. பிடியற்ற சவ்வு சிறு குமிழ்களாகப் பிய்ந்து போகிறது. உள்ளிருக்கும் பொருள் குறையாமல் மேற்பரப்பு மட்டும் குறைவதால் தட்டு வடிவ அணு உருண்டையாகிறது. உருண்டை நெகிழாது. மண்ணீரலின் இடுக்கில் அது சிக்கிக்கொள்ள, அங்குள்ள விழுங்கணுக்கள் அதனை அழித்துவிடுகின்றன. பிறந்த குழந்தைக்கே மஞ்சள் காமாலை காணலாம். தொடர்ந்து சோகையும், வீங்கிய மண்ணீரலும், பித்தப்பைக் கற்களும் வரலாம். வட ஐரோப்பியரிடையே ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. ஸ்பெக்ட்ரின் இணைகள் தலையோடு தலை பொருந்தும் இடம் பழுதானாலோ நிகழ்வது வேறு. சவ்வு உதிர்வதில்லை, நீண்ட அணு மீண்டு வர முடியாமல் நீள்வட்டமாகவே தங்கிவிடுகிறது.

உருண்டை அணு நோய் கடுமையானால் மண்ணீரலை முழுதாகவோ பகுதியாகவோ அகற்றுவர். அணுக்கள் உருண்டையாகவே இருக்கும், ஆயினும் நெடுநாள் வாழும், சோகை தணியும். இதற்கு ஒரு விலை உண்டு. மண்ணீரலற்ற உடலில் நிமோகாக்கஸ் போன்ற கிருமிகள் திடீரென்று பெருகி உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவேதான் முன்கூட்டியே தடுப்பூசி போடுவதும், இயன்றவரை குழந்தைக்கு ஆறு வயதாகும்வரை அறுவையைத் தள்ளிவைப்பதும் வழக்கம்.

ஸ்பெக்ட்ரின் செவ்வணுவுக்கு மட்டுமே உரியது என்று ஒரு காலத்தில் கருதினர். இன்று பல்வேறு திசுக்களில் அதன் இனப் புரதங்கள் அறியப்பட்டுள்ளன. தசையணுவில் சவ்வுக்கு அடியில் நிற்கும் டிஸ்ட்ரோபின் அக்குலத்தைச் சேர்ந்ததே. அது இல்லாமற் போவதே டூஷேன் தசைச் சிதைவு நோய். 2013இல் சியாவோவெய் ஜுவாங் குழுவினர், நரம்பணுவின் நீண்ட இழையில் ஆக்டின் வளையங்கள் சுமார் 190 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதையும், இடையிடையே ஸ்பெக்ட்ரின் பிணைத்திருப்பதையும் கண்டனர். அப்பிணைப்பு எதற்கென்பதை ஒரு சிறு புழுவின்மீது நடந்த ஆய்வு 2007லேயே காட்டியிருந்தது. ஸ்பெக்ட்ரின் குறைபாடுள்ள புழு நெளிந்து ஊரும்போது அதன் நரம்பிழைகள் அறுந்தன. அசையவியலாமல் செயலிழந்த புழுக்களில் அவை அறுபடவில்லை.