இணையப் பாடத்தளத்தில் வழி அறிவோம்

புதிய நூலகத்தினுள் நுழைபவர் முதலில் அடுக்குகளின் அமைப்பைத் தெரிந்துகொள்வார். இணையவழிப் பாடத்தளத்திற்கும் இது பொருந்தும். இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சுவயம்’ தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இதில் ஒவ்வொரு பாடமும் நான்கு பகுதிகளைக் கொண்டது: காணொளி விரிவுரை, படிப்பதற்கான குறிப்புகள், தன்மதிப்பீட்டுத் தேர்வுகள், ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல். பாடம் வாரம் வாரமாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒரு வாரத்தின் தலைப்பைத் தொட்டால் அவ்வாரத்து விரிவுரைகள் விரியும்.

வாரந்தோறும் வரும் ஒப்படைப்புகளுக்குக் கெடு உண்டு. இத்தளத்தில் இடம்பெறும் ‘என்.பி.டி.இ.எல்.’ பாடங்களில், 12 வாரப் பாடமானால், பொதுவாகச் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரிக்கு 25 மதிப்பெண். மையத்திற்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற முன்னதில் 10, பின்னதில் 30 ஆவது வேண்டும்.

இங்கே மாணவர் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. பாடத்தில் சேர்வது வேறு. தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. சேர்ந்து படிக்கக் கட்டணமில்லை. தேர்வுக்கோ தனியே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். இரண்டிற்கும் ஒரே மின்னஞ்சல் முகவரியைத் தருதல் நலம். பதிவைத் தவறவிட்டவர், 12 வாரமும் முயன்று படித்தும் சான்றிதழின்றி நிற்க நேரும். கல்லூரி ஏற்றுக்கொண்டால் பட்டப்படிப்பிலேயே சேர்த்துக் கணக்கிடப்படக்கூடிய உழைப்பு அது!

ஆகவே, மாணவர்களே, முதல் விரிவுரையைத் திறக்குமுன் பாடத்தின் அறிமுகப் பக்கத்தைப் படியுங்கள். சேர்க்கையின் இறுதி நாள், தேர்வுப் பதிவின் இறுதி நாள், தேர்வு நாள் ஆகிய மூன்றையும் நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பாடத்தைத் தொடங்கலாம்.