வாசலில் நிற்கும் வாழ்க்கைத் துணை

பிரிவுக்கென்றே பாலை என்று ஒரு திணையை வகுத்துக் கொண்டவர்கள் நம் முன்னோர். வள்ளுவரும் பிரிவாற்றாமைக்கென ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். பொருள் தேடப் பிரிந்த தலைவன் கார்காலத்தில் வந்துவிடுவான் என்னும் நம்பிக்கையே அங்கே தலைவிக்கு உயிர்ப்பிடிப்பு. அவன் வரவைத் தடுப்பவை காடும் மலையும் கள்வரும்தாம். இன்றைய உலகிலோ கணவன் ஒரு நாட்டின் எல்லைக்கு வெளியே நிற்கிறான்; மனைவி உள்ளே நிற்கிறாள்; இருவருக்கும் நடுவே ஒரு சட்டப்பிரிவு நிற்கிறது. “பத்து ஆண்டுகள் உள்ளே வராதே” என்கிறது அது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியேற்றச் சட்டத்தில், இவ்வாறு தடுக்கப்பட்ட வாழ்க்கைத் துணைக்காகத் தடைவிலக்குக் கோரும் ஒரு வழி உண்டு. அவ்வழி எவ்வாறு பிறந்தது, யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறவாது, அங்கே எதை மெய்ப்பிக்க வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு நாட்டின் இறைமையும் ஒரு குடும்பத்தின் வாழ்வும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது. ஆகவே சட்டம் பயிலாத நண்பர்களும் இதனை அறிந்துகொள்வது நலம்.

போர்க்கால மணமகள்

முதலில் ஒரு பழைய வழக்கைக் காண்போம். எலன் நாஃப் என்னும் பெண்மணி ஜெர்மனியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் அகதியாக இருந்து, அந்நாட்டு விமானப்படையில் பணிபுரிந்தார். போருக்குப் பின் ஜெர்மனியில் அமெரிக்கப் போர்த்துறையின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1948 பிப்ரவரியில், அமெரிக்கக் குடிமகனும் முன்னாள் படைவீரருமான ஒருவரை, படைத்தலைமையின் இசைவோடு மணந்தார். படைவீரர்களின் மனைவியர் எளிதில் அமெரிக்கா செல்வதற்காகவே 1945இல் ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதனை நம்பி 1948 ஆகஸ்டில் அவர் நியூயார்க் துறைமுகத்தை அடைந்தார்.

ஆனால் நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு என்று கூறி அவரை எல்லிஸ் தீவில் நிறுத்திவிட்டனர். குற்றச்சாட்டு இன்னதென்று அவரிடம் சொல்லவில்லை, விசாரணையும் நடத்தவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1950 ஜனவரி 16ஆம் நாள், நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. அயல்நாட்டவர் ஒருவரை உள்ளே விடுவது நாடு தரும் சலுகையே அன்றி அவருடைய உரிமை அன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். நாளிதழ்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் எழுப்பிய குரலால் பின்னர் அவருக்கு விசாரணை கிடைத்தது. இரகசியச் சாட்சியங்கள் வெறும் செவிவழிச் செய்திகள் என்று மேல்முறையீட்டில் தெரியவந்தது. 1951 நவம்பரில் அவர் உள்ளே விடப்பட்டார். வாசலில் கழிந்த காலம் மூன்று ஆண்டுகளுக்கும் மேல்!

சலுகையா, உரிமையா என்ற இந்தக் கேள்வியை நண்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்வரும் செய்திகள் அனைத்தும் இந்த அச்சில்தான் சுழல்கின்றன.

தடைகளும் விலக்குகளும்

1952ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தில் 212ஆம் பிரிவு, யார் யார் உள்ளே வரத் தகாதவர் என்று பட்டியலிடுகிறது. திருமணம் உண்மையானதே என்று அரசு ஏற்றுக்கொண்டாலும், அப்பட்டியலில் அகப்பட்டவருக்கு விசா கிடையாது. 1957இல் அமெரிக்க நாடாளுமன்றம் சற்றே இரங்கி, குடிமக்களின் நெருங்கிய உறவினர் சிலருக்காகச் சில தடைகளை விலக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. இன்றைய தடைவிலக்கின் வேர் அதுதான்.

வாழ்க்கைத் துணைவர் பெரிதும் அகப்படும் தடைகள் மூன்று. ஒன்று, அனுமதியின்றி அந்நாட்டில் தங்கியிருந்தது. இரண்டு, விசா பெறுவதற்காகப் பொய்த் தகவலோ போலி ஆவணமோ தந்தது. மூன்று, சிலவகைக் குற்றங்களில் தண்டனை பெற்றது. இம்மூன்றுக்கும் விலக்குக் கேட்கலாம்.

விலக்கே கேட்க முடியாதவையும் உள. 1996 செப்டம்பர் 30ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ தம்மை அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டவருக்கு இவ்வழி இல்லை. கொலை செய்தவருக்கும் இல்லை. போதைப்பொருள் குற்றங்களில், ஒரே ஒருமுறை 30 கிராமுக்கு மேற்படாத கஞ்சாவைத் தம் உபயோகத்துக்காக வைத்திருந்ததற்கு மட்டுமே விலக்கு உண்டு, மற்றவற்றுக்கு இல்லை. ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கி, வெளியேறி, மீண்டும் திருட்டுத்தனமாக எல்லை கடந்தவர் நிலை இன்னும் கடினம். அவர் பத்து ஆண்டுகள் வெளியே இருந்த பின்னரே மறுவருகைக்கு அனுமதி கேட்கவே முடியும்.

1996 விரித்த வலை

1996இல் ஒரு கடுமையான சட்டத்திருத்தம் வந்தது. 1997 ஏப்ரல் முதல் நாள் நடைமுறையாயிற்று. அதன்படி, 180 நாட்களுக்கு மேல் ஓராண்டுக்குள் அனுமதியின்றித் தங்கி வெளியேறியவர் மூன்று ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கி வெளியேறியவர் பத்து ஆண்டுகளும் திரும்பி வரலாகாது. பதினெட்டு வயது நிரம்புமுன் தங்கிய நாட்கள் இக்கணக்கில் சேரா.

“வெளியேறியவர்” என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தடை தங்கும்போது விழுவதில்லை. நாட்டை விட்டுக் காலெடுத்து வைக்கும்போதுதான் விழுகிறது. இதன் விளைவை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

மெக்சிகோ நாட்டு இளைஞன் ஒருவன் இருபது வயதில், எவ்வித அனுமதியுமின்றி எல்லையைக் கடந்து டெக்சாஸ் மாநிலத்துக்கு வருகிறான். தச்சு வேலை செய்கிறான். எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஓர் அமெரிக்கப் பெண்ணை மணக்கிறான். அவள் கணவனுக்காக மனுச் செய்கிறாள். அரசும் அதனை ஏற்கிறது. அவன் விசாவோடு விமானத்தில் வந்து காலம் கடந்து தங்கியவனாயிருந்தால், பெரும்பாலும் அங்கிருந்தபடியே பச்சை அட்டை பெற்றுவிடலாம். ஆனால் சோதனைச் சாவடியைத் தாண்டாமல் வந்தவனுக்குச் சில விதிவிலக்குகள் தவிர அந்த வாய்ப்பில்லை. அவன் தாய்நாட்டுக்குப் போய், சியுதாத் ஹுவாரெஸ் நகரிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்க வேண்டும். மனைவியிடம் ஒரு வாரத்தில் வருவதாகச் சொல்லிப் புறப்படுகிறான். எல்லையைக் கடந்த அந்த நொடியில் பத்தாண்டுத் தடை அவன்மேல் விழுந்துவிடுகிறது. சட்டப்படி வாழ விரும்பிக் கதவைத் தட்டப் போனவனுக்குப் பின்னால் கதவு தாழிடப்படுகிறது!

யாருடைய துன்பம்?

இப்போது அவன் கையில் இருக்கும் வழி, ஐ-601 என்னும் படிவத்தில் விலக்குக் கோருவது. 2024 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 1,050 டாலராக உயர்த்தப்பட்டது. இதில் மெய்ப்பிக்க வேண்டியதைச் சட்டம் “கடுந்துன்பம்” என்று குறிக்கிறது.

அது யாருடைய துன்பம்? தடுக்கப்பட்டவனுடைய துன்பம் அன்று. அவன் எவ்வளவு வருந்தினாலும் சட்டம் கேட்பதில்லை. அவனுடைய மனைவியோ, அவனைப் பெற்றவரோ அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருந்தால், அவர்களுடைய துன்பத்தையே சட்டம் கணக்கில் கொள்ளும். அவர்களுக்குப் பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகவாகவே இருந்தாலும், அனுமதியின்றித் தங்கிய தடைக்கும் பொய்த் தகவல் தடைக்கும் அக்குழந்தையின் கண்ணீர் நேரடியாக எடையேறாது. குழந்தை தந்தையின்றி ஏங்குவதால் தாய் படும் பாடு என்ன என்று சுற்றி வளைத்தே அதைச் சொல்ல வேண்டும். குற்றத்தண்டனை தொடர்பான விலக்கில் மட்டும் பிள்ளைகளின் துன்பமும் சேரும்.

எவ்வளவு துன்பம்? பிரிவின் வேதனை, வருவாய்க் குறைவு, புது நாட்டில் பழகும் தொல்லை, பிள்ளைகளின் படிப்புக் கெடுதல் ஆகியவை இத்தகைய நிலையில் எல்லாக் குடும்பங்களுக்கும் வருபவை. ஆகவே அவை மட்டும் போதா என்பது அதிகாரிகள் கொண்டுள்ள கொள்கை. அதே நேரத்தில், தனித்தனியே சிறியனவாகத் தோன்றும் துன்பங்களையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பதும் ஏற்கப்பட்ட நெறி. 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல், சில சூழ்நிலைகளுக்குத் தனி எடை தந்தது. இங்கிருப்பவர் உடல் ஊனமுற்றவராயிருத்தல், படையில் பணிபுரிபவராயிருத்தல், முன்பு புகலிடம் பெற்றவராயிருத்தல், போக வேண்டிய நாடு ஆபத்தானதென்று அமெரிக்க அரசே எச்சரித்திருத்தல் ஆகியவை அவற்றுள் சில.

மனு எழுதும் முறை

இரண்டு கேள்விகள் மனுவின் முதுகெலும்பு. அவரைப் பிரிந்து இங்கேயே இருந்தால் எனக்கு என்ன ஆகும்? அவரோடு அந்நாட்டுக்குப் போய்விட்டால் எனக்கு என்ன ஆகும்?

முன்சொன்ன கற்பனை மனைவி இரண்டு விதமாக எழுதலாம். “அவர் என் உயிர். அவரில்லாத வீடு இருண்டு கிடக்கிறது. தயவுசெய்து அவரை விடுங்கள்” என்பது ஒன்று. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் பெரும்பாலும் பயன் தராது. மற்றொன்று இப்படி அமையும்: “என் தாய்க்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போனவர் என் கணவர். இப்போது அதற்காக நான் விடுப்பு எடுப்பதால் சம்பளம் குறைந்துள்ளது. வீட்டுக் கடன் நான்கு தவணை நின்றுவிட்டது. எனக்கும் மன அழுத்தத்துக்கு மருத்துவம் நடக்கிறது. தாயை விட்டுவிட்டு நான் மெக்சிகோவுக்குப் போக இயலாது.” இவ்வாறு எழுதி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தாளை இணைக்க வேண்டும். மருத்துவர் சான்று, சம்பளப் பட்டியல், வங்கியின் கடிதம், வருமான வரிக் கணக்கு, உளநல மருத்துவரின் அறிக்கை, அண்டை அயலார் தரும் பிரமாண வாக்குமூலம் ஆகிய யாவும் வேண்டும்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. மனைவியின் தாய் சட்டம் குறிப்பிடும் உறவினர் அல்லர். ஆகவே தாயின் நோயை எழுதி நிறுத்திக்கொண்டால் பயனில்லை. அந்நோயின் சுமை மகளின் தோளில் எவ்வாறு இறங்குகிறது என்று எழுதினால்தான் பயன்.

கடுந்துன்பத்தை மெய்ப்பித்த பின்னும் வேலை முடிந்துவிடாது. விலக்கு என்பது அதிகாரியின் விருப்புரிமை. அவர் தராசின் ஒரு தட்டில் பழைய தவறுகளையும், மறு தட்டில் நன்னடத்தை, உழைப்பு, வரி செலுத்தியது, குடும்பப் பிணைப்பு ஆகியவற்றையும் வைத்துப் பார்ப்பார். ஐ-601 மனு மறுக்கப்பட்டால், அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு 30 நாட்களுக்குள் முறையிடலாம். மறுப்பு அஞ்சலில் வந்திருந்தால் மேலும் மூன்று நாட்கள் உண்டு.

ஒரு சிறு கருணை

இதில் பெருங்கொடுமை, விலக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலே கணவன் வெளியேற வேண்டியிருந்ததுதான். 2013 மார்ச் 4 முதல் இதில் ஒரு மாற்றம் வந்தது. ஐ-601ஏ என்னும் படிவத்தால், நாட்டுக்குள் இருக்கும்போதே முன்கூட்டித் தற்காலிக விலக்குப் பெற்றுக்கொண்டு நேர்காணலுக்குப் புறப்படலாம். முதலில் குடிமக்களின் நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும் இருந்த இவ்வசதி, 2016 ஆகஸ்டில் நிரந்தரக் குடியிருப்பாளரின் துணைவருக்கும் விரிந்தது. ஆயினும் அனுமதியின்றித் தங்கிய ஒரு தடைக்கு மட்டுமே இது உதவும். நேர்காணலில் தூதரக அதிகாரி வேறொரு தடையைக் கண்டால், கையிலிருக்கும் விலக்குத் தானாகவே செல்லாததாகிவிடும். மறுப்புக்கு மேல்முறையீடும் கிடையாது.

மூடிய கதவின் முன்

இதற்குச் சான்று அண்மைக்கால வழக்கொன்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொழிலாளர் உரிமைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் சாண்ட்ரா முனோஸ், அமெரிக்கக் குடிமகள். 2010இல் எல் சால்வடார் நாட்டவர் ஒருவரை மணந்தார். மனு ஏற்கப்பட்டது, விலக்கும் கிடைத்தது. 2015இல் கணவர் தாய்நாட்டுத் தூதரகத்துக்குச் சென்றார். அங்கே விசா மறுக்கப்பட்டது. சட்டவிரோதச் செயலில் ஈடுபடக் கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம், விவரம் இல்லை. அவர் உடலிலுள்ள பச்சைக்குத்து முதலியவற்றைக் கொண்டு அவரைக் குற்றக்கும்பலைச் சேர்ந்தவர் எனக் கருதியது, வழக்காடிய பின்னரே தெரிந்தது. பச்சைக்குத்துக்கும் கும்பலுக்கும் தொடர்பில்லை என்று வல்லுநர் கூறியும் முடிவு மாறவில்லை.

2024 ஜூன் 21ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அயல்நாட்டுத் துணைவரை நாட்டுக்குள் வரவிடும்படி கோர, ஒரு குடிமகளுக்கு அரசமைப்பு வழிவந்த அடிப்படை உரிமை இல்லை என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. மூன்று நீதிபதிகள் மாறுபட்டனர். எலன் நாஃப் வழக்குக்குப் பின் எழுபத்து நான்கு ஆண்டுகள் கடந்தும், சலுகை சலுகையாகவே நிற்கிறது.

முடிவுரை

யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. அதை மறுப்பார் இலர். சட்டத்தை மீறியவருக்கு விளைவு எதுவுமே கூடாது என்றும் நாம் வாதிக்கவில்லை. ஆனால் தண்டனை ஒருவருக்கு என்று தொடங்கி, எந்தத் தவறும் செய்யாத குடிமகளின் வீட்டுக்குள் வந்து முடிகிறது. அவளுடைய துன்பத்தை வைத்தே விலக்குத் தரலாம் என்று கூறும் சட்டம், அவள் துன்பம் “வழக்கமானது” என்று தள்ளவும் இடம் வைத்திருக்கிறது. கேட்கும் உரிமை உண்டு. பெறும் உரிமை இல்லை.

ஆகவே இவ்வழியில் செல்வோர் முதலில் அறிய வேண்டியவை இரண்டு. எந்தத் தடை தம்மேல் விழும் என்று தெளியாமல் நாட்டை விட்டு வெளியேறலாகாது. அன்பை எழுதினால் மட்டும் போதாது. அந்த அன்பு ஒவ்வொரு நாளும் செய்துவந்த வேலைகளைத் தாளில் காட்ட வேண்டும். மருந்து வாங்கியது யார், பிள்ளையைப் பள்ளியில் விட்டது யார், இரவில் கண்விழித்தது யார் என்பவையே அங்கே சாட்சிகள். இல்லறத்தின் பெருமை இத்தகைய சின்னஞ்சிறு பணிகளில் இருக்கிறது என்பதை, அவற்றைச் செய்தவர் எல்லைக்கு அப்பால் போன பிறகுதான் எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது!