காவலரின் சோர்வும் சீட்டுக் குலுக்கலும்

மயிலாப்பூரில் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை கடற்கரையைச் சென்று தொடும் முனையில், வெண்ணிறத் தூண்களோடு கம்பீரமாக நிற்கும் காவல்துறைத் தலைமை அலுவலகத்தை நாள்தோறும் கடந்து செல்கிறவர்களுள், அத்துறையின் காவலர்களுக்கு மனத்தைப் பேணும் பயிற்சி ஒன்று ஏற்படுத்தப்பட்டிருப்பதை அறிந்தவர் மிகச் சிலரே. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தின் துணையோடு 2018-ஆம் ஆண்டில் தொடங்கிய அதற்கு ‘நிறைவாழ்வு’ என்று பெயர். அறுபத்துமூவர் விழாவில் பகலெல்லாம் பங்குனி வெயிலில் நின்று, அன்றிரவே ரோந்துக்கும் போக நேர்கிற காவலர் ஒருவர், தம் கோபத்தையும் கவலையையும் இனம் கண்டு ஆளவும், வீட்டாரோடு மனம் விட்டுப் பேசவும் கற்றுக்கொள்வது நற்காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், அதனால் பணிச்சோர்வு மெய்யாகவே குறைகிறதா என்பது வேறு கேள்வி.

பணிச்சோர்வு என்பது ஒருநாள் உறங்கி எழுந்தால் தீர்ந்துபோகும் உடல் அலுப்பு அன்று. 1974-இல் நியூயார்க் நகரத்து மனோதத்துவ அறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர், இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர்களிடம் கண்டு எழுதிய இந்நிலையை, 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையார் தம் சகாவான சூசன் ஜாக்ஸனுடன் சேர்ந்து வகுத்த வினாத்தாளால் அளக்க வழி செய்தார். சாரம் வற்றிப்போன ஆயாசம், தம்மிடம் வருகிறவரை மனிதராகவே பாராத வறட்சி, செய்வதில் பயனில்லை என்ற விரக்தி ஆகிய மூன்றும் அதன் அங்கங்கள். புகார் கொடுக்க வந்த மூதாட்டியிடம் எரிந்து விழும் காவலரிடம் நாம் காண்பது இந்த இரண்டாவது அங்கமாகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமோ 2019-இல் இதனை நோய் என்று கொள்ளாமல், தக்கபடி சமாளிக்கப்படாத நீடித்த வேலை நெருக்கடியின் விளைவு என்றே வரையறுத்தது.

இனி, பயிற்சியால் சோர்வு குறைகிறதா என்று அறியும் பரீட்சைக்கு வருவோம். பயிற்சி முடித்தவரிடம் ‘நலந்தானா?’ என்று கேட்டு, அவர் ‘ஆம்’ என்றதும் வெற்றி என்று எழுதிவிடுவது எளிது. ஆனால், தாமாக விரும்பி வருகிறவர் முன்னரே ஊக்கமுடையவராக இருக்கலாம். மிகவும் நொந்திருந்தவர் காலப்போக்கில் தாமாகவே சற்றுத் தேறியிருக்கவும் கூடும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து ஊழியர் ஏறத்தாழ 5,000 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்து, ஒரு சாராருக்கு மட்டும் ஆரோக்கியத் திட்டம் ஒன்றை அளித்துப் பார்த்தார்கள். பங்கேற்றவரையும் பங்கேற்காதவரையும் வெறுமனே ஒப்பிட்டபோது பெருத்த நன்மை தென்பட்டது. குலுக்கலில் பிரிந்த இரு சாராரையும் ஒப்பிட்டபோதோ, அந்நன்மையில் பெரும்பகுதி மறைந்தது.

மருத்துவர் 1,550 பேரைப் பற்றிய 19 ஆய்வுகளை 2017-இல் ஒருங்கே எடைபோட்டபோது, சோர்வைத் தணிக்கும் முயற்சிகளால் விளைந்த பயன் சிறிது என்றும், அதிலும் தனிமனிதரைப் பழக்குவதைவிட வேலை நேரத்தையும் வேலை முறையையும் மாற்றுவதே மிகுதியும் பயன் தந்தது என்றும் தெரிந்தது. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் பகல் முழுதும் கால் கடுக்க நின்று புடைவை விரித்துக் காட்டும் பெண்ணுக்குத் தியானம் கற்பிக்கலாம். ஆயினும் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அமர இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு விதித்ததே அந்தக் கால்வலிக்கு நேரான மருந்து. அதே ஆண்டில் காவலர்களுக்கு வார விடுப்பு அளிக்கவும் ஆணை பிறந்தது. பயிற்சி வேண்டாம் என்பதன்று என் அபிப்பிராயம். விடுப்பை ஏட்டில் எழுதிவிட்டு, பந்தோபஸ்து வந்தபோதெல்லாம் அதைப் பறித்துக்கொண்டு, மூச்சுப் பயிற்சியை மட்டும் கற்பிப்போமானால் அது நியாயமாகாது.

எல்லாக் காவலரையும் ஒரே நாளில் பயிற்றுவிக்க இயலாது; அணி அணியாகத்தான் அழைக்க முடியும். எந்தக் காவல் நிலையம் முந்துவது, எது பிந்துவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால், குடவோலை இட்ட இந்நாட்டில் எவரும் அதனை அநீதி என்னமாட்டார்; தனிச் செலவும் பெரிதாக இராது. சோர்வை அளக்கும் வினாத்தாளில் பெயருக்குப் பதில் ஓர் எண் மட்டும் இருக்கட்டும். விடை மேலதிகாரியின் மேசைக்குப் போகுமென்று அஞ்சுகிறவர் உண்மையை எழுதமாட்டார். பயின்றவரையும் முறைக்குக் காத்திருப்பவரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவ்வாறு அளந்து, அவரவர் உண்மையில் பெற்ற வார விடுப்பின் கணக்கையும் உடன் சேர்த்து, பொதுமக்கள் அறிய வெளியிட வேண்டும் என்று காவல்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.